எல்லாரும் பார்த்தாச்சு சார்

சென்னையில் விற்பனைக்கு வரும் ஃபிளாட்டுகள் அத்தனைக்கும் ‘க்ளியர் டைட்டில்’ உண்டு. க்ளியர் இல்லாத டைட்டில் ஒன்றுகூட இந்த ஊரில் விளம்பரமானதில்லை. அவையெல்லாம் நேராக ஐகோர்ட்டிலேயே பிறக்கின்றன போலிருக்கிறது. வாங்க வருகிறவர் சற்று விவரமானவராக இருந்து, ‘டாக்குமென்ட்ஸ் எல்லாம்...’ என்று இழுத்தாரானால் அதற்கும் பதில் தயார்: “எல்லாரும் பார்த்தாச்சு சார். பேங்க் பார்த்தாச்சு, சிஎம்டிஏ பார்த்தாச்சு, ரெரா பார்த்தாச்சு, லீகல் பார்த்தாச்சு, வாஸ்துகூடப் பார்த்தாச்சு.” இதில் பொய் இல்லை என்பதுதான் விசேஷம். நிஜமாகவே எல்லாரும் பார்த்திருப்பார்கள். என் சந்தேகம் ஒன்றே ஒன்று: யாருக்காகப் பார்த்தார்கள்? ஒவ்வொருவரும் தத்தம் காரியத்துக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருபது வருடம் குளித்து, துவைத்து, தவணை கட்டி, மேல்வீட்டுக் குழந்தையின் சைக்கிள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாழப்போகும் ஆசாமியின் சார்பில் பார்த்தவர் அந்த வரிசையில் ஒருவருமில்லை. அந்த உத்தியோகம் காலியாகவே கிடக்கிறது. அதில் சேரத் தகுதியுள்ளவர் வாங்குகிறவர் மட்டுமே என்பது என் கட்சி.

முதலில் பேங்க். ‘அவன் சும்மா தருவானா, எவ்வளவு ஆராய்ந்திருப்பான்’ என்பதுதான் நம் மக்களின் முதல் நம்பிக்கை. பேங்க் ஆராய்வது உண்மை. ஆனால் அது ஆராய்வதில் முக்கால் பங்கு உங்களை; கால் பங்குதான் வீட்டை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு வருட வரிக் கணக்கு, என்றைக்கோ கிரெடிட் கார்டில் விட்ட பாக்கி எல்லாவற்றையும் தோண்டி எடுக்கும் அதிகாரிக்கு, அந்த வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கத் தோன்றாது. ஏன் தோன்ற வேண்டும்? ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு பேங்க் போடுவது அதிகபட்சம் 64 லட்சம். உங்கள் கைக்காசு 16 லட்சம். நாளைக்கே அந்த வீட்டின் விலை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால் முதலில் கரைவது உங்கள் 16 லட்சம். அதுவரை பேங்க் ஏசியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். அதற்குப் பிறகும் வீட்டைக் கைப்பற்ற சர்ஃபாசி சட்டம் இருக்கிறது, ஏலம் இருக்கிறது, உங்கள் சம்பளம் இருக்கிறது. ‘விற்றால் என் பணம் தேறுமா’ என்பது பேங்கின் கேள்வி. ‘இங்கே குடியிருக்க முடியுமா’ என்பது உங்கள் கேள்வி. முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாவது கேள்விக்கும் எழுதிவிட்டுப் பாஸாக நினைக்கிறோம்.

அடுத்து சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஒப்புதல் என்பது வரைபடத்துக்குத் தரப்படுவது. கம்பியின் கனத்தையும் சிமென்ட்டின் சேர்மானத்தையும் யாரும் நாளும் வந்து அளந்துகொண்டிருப்பதில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் ஒப்புதல் இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ‘அப்ரூவ்டு’ என்ற முத்திரையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அது வேடிக்கைதான். இதைவிடச் சின்ன சமாசாரம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் பிளாட்பாரத்தில் நின்று, விரலை நீட்டி மாடிகளை எண்ண வேண்டும். காகிதத்தில் மூன்று, கண்ணுக்கு நான்கு என்று வந்தால், நீங்கள் ஆசைப்பட்ட ‘டாப் ஃப்ளோர், நல்ல காத்து’ எந்த மாடி என்பதை யோசியுங்கள். ‘ரெகுலரைஸ் பண்ணிடலாம் சார்’ என்பார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து விதிமீறல்களை வரன்முறைப்படுத்த வழி செய்ததிலிருந்து, அபராதம் என்பது கட்டுமானச் செலவில் ஒரு வரி என்ற ஞானம் இந்த ஊரில் பலருக்கு வந்துவிட்டது. மாடியைக் கட்டியவருக்கு அது ஒரு வரி. மாடியில் குடியிருப்பவருக்கு அது கூரை.

‘ரெரா வந்தபிறகு இதெல்லாம் பழங்கதை’ என்பது கனமான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, கட்டுமானக் குறைகளை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் சொன்னால் கட்டியவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்று பல நல்ல காரியங்கள் அதில் உண்டு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ எட்டு வீட்டுக்கு மிகாமலோ கட்டினால் பதிவே தேவையில்லை என்று சட்டமே விலக்கும் தந்திருக்கிறது. இப்போது சென்னைக் கணக்குக்கு வாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு 4,800, அதாவது 446 சதுர மீட்டர். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் பழைய தனிவீட்டை இடித்துவிட்டு எழும் ஃபிளாட்டுகளில் ஏராளமானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அகில இந்தியாவையும் மனத்தில் வைத்து எழுதிய ஒரு விலக்கு, சென்னையின் இரண்டு கிரவுண்டு மனைக்குத் தையற்காரர் அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டது. பெரிய புராஜெக்ட்டுகளுக்குப் பதிவு எண் இருக்கும். அப்போதும் அந்த எண் சொல்வது ‘இன்னின்னதைச் செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்பதை. செய்தாரா என்பதை ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் படிக்க வேண்டியவர், சிரமத்துக்கு மன்னிக்கவும், நீங்கள்தான்.

சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைரேகை வைத்து, கேமராவைப் பார்த்து முழித்து, ரசீது வாங்கியதும் அரசாங்கமே ‘இது உன் வீடு’ என்று சொல்லிவிட்டதாக ஒரு நிறைவு வரும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படி எதுவும் சொல்வதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவாளரின் வேலையே அல்ல. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவு செய்யாதே என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதியை, தாய்ச்சட்டத்தில் அப்படியோர் அதிகாரம் இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பத்திரம் பதிவானது என்றால், இவர் அவருக்கு விற்றதாக இருவரும் வந்து சொன்னார்கள், முத்திரைத் தீர்வை சரியாக இருந்தது என்று பொருள். எதை விற்றார் என்பது அவர்கள் பாடு.

வக்கீல் ஒருவர்தான் இந்த வரிசையில் உங்கள் சம்பளத்துக்கு உங்கள் சார்பில் வேலை செய்யக்கூடியவர். அதனால்தானோ என்னவோ, அவருக்குத் தர மனம் வருவதில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு இரண்டு லட்சம் என்றால் சரி என்கிறவர், லீகல் ஒப்பீனியனுக்குச் சில ஆயிரங்கள் என்றதும், ‘பில்டரோட வக்கீலே நல்லா பண்ணியிருக்காரே, ஜெராக்ஸ் தர்றாங்களே’ என்கிறார். பில்டரின் வக்கீல் நன்றாகத்தான் பண்ணியிருப்பார், பில்டருக்கு. அந்த ஒப்பீனியனின் கடைசிப் பக்கத்தைப் படித்தால், ‘எனக்குக் காட்டப்பட்ட நகல்களின் அடிப்படையில்’ என்று ஒரு வரி இருக்கும். காட்டப்படாதவை எவை என்பதுதான் விஷயமே. முப்பது வருட வில்லங்கச் சான்றை எடுத்து அதில் ஒன்றும் இல்லை என்றதும் பலர் தேங்காய் உடைத்துவிடுகிறார்கள். அந்தச் சான்று பதிவான விவகாரங்களை மட்டும்தான் காட்டும். சொத்துத் தகராறு என்று எங்கோ ஒரு கோர்ட்டில் பத்து வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வழக்கு அதில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை; தங்கையும் அதில் தெரிய மாட்டார்.

தங்கை விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழைய தனிவீட்டை பில்டருக்குக் கொடுக்கும்போது அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுவார்கள். திருச்சியிலோ நாக்பூரிலோ கட்டிக்கொடுத்த தங்கையின் பெயர் குடும்ப அட்டையில் அடிக்கப்பட்டதோடு பலர் நினைவிலும் அடிபட்டிருக்கும். உயில் எழுதாமல் இறந்துபோன தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் 1989ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ல் மத்தியத் திருத்தமும் பெண்களுக்கு இடம் கொடுத்துவிட்டன. இவ்வளவு இருந்தும், ‘அவ ஒண்ணும் கேக்க மாட்டா சார், தங்கமான பொண்ணு’ என்பதைச் சட்ட ஆதாரமாக நம்பிப் பல கோடி ரூபாய்க் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. தங்கமான பெண்தான். ஆனால் அவருக்கு ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது, அதில் அந்த மனையின் இன்றைய மதிப்பு வருகிறது. வாரிசுச் சான்றில் எத்தனை பேர், விடுதலைப் பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பார்க்க பெரிய சட்டப் படிப்பு வேண்டாம். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து வேறொருவர் விற்கிறார் என்றால், அதைக் கொடுத்தவர் இப்போதும் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்றும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம். ஆவியாக வந்து அதிகாரம் தர சட்டத்தில் இடமில்லை.

சரி, இத்தனை பேரும் அவரவருக்காகப் பார்த்தார்கள். வாங்குகிறவர் தமக்காக எதைப் பார்க்கிறார்? மாதிரி வீட்டைப் பார்க்கிறார். கால்கிலோ வெண்டைக்காய் வாங்க ஒவ்வொன்றாக நுனி ஒடிக்கும் அதே கை, அங்கே போனதும் கிரானைட்டை வருடிக் கொடுக்கிறது. மாதிரி வீடு என்பது நல்ல கலைப்படைப்பு. படுக்கையறைக்குக் கதவு இருக்காது. கதவு திறக்க வேண்டிய இடமெல்லாம் அறையோடு சேர்ந்து அறை பெரிதாகத் தெரியும். கட்டிலை உற்றுப் பார்த்தால் அது ஆறடி மனிதன் காலை மடக்கிப் படுக்க வேண்டிய கட்டில். அலமாரியின் ஆழம் ஒரு ஹாங்கரை நேராக மாட்ட முடியாத ஆழம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சமையலறையில் எலுமிச்சம்பழம் ஆறு, கண்ணாடிக் கிண்ணத்தில். கிரைண்டர் இல்லை, சிலிண்டர் இல்லை, அரிசி டிரம் இல்லை, இரண்டு வருடத்துப் பழைய பேப்பர்க் கட்டு இல்லை, ‘எதுக்காவது ஆகும்’ என்று வைத்த அட்டைப்பெட்டி ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டில் யாரோ எலுமிச்சம்பழத்தை மட்டும் தின்று உயிர் வாழ்கிறார்கள். நம்மவர் டைல்ஸை முட்டியால் தட்டிப் பார்க்கிறார், செல்போனில் திசைகாட்டியைத் திறந்து ஈசான்ய மூலையைத் தேடுகிறார். அந்த மூலையில் கழிப்பறை இருந்தால் ‘யோசிக்கணும்’ என்கிறார். அதே மூலைக்கு அப்பால் ஓர் ஏரி இருந்தால் ‘லேக் வியூ’ என்று சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

அவர் பார்க்காமல் விடுவது எது என்றால், எதற்குப் பணம் கொடுக்கிறாரோ அதை. கட்டடம் நாளுக்கு நாள் பழசாகும். விலை ஏறுவது அடியில் இருக்கும் மண்ணுக்கு. அந்த மண்ணில் உங்கள் பிரிபடாத பாகம், நம் வழக்கில் யுடிஎஸ், எத்தனை சதுர அடி? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டில், எஃப்எஸ்ஐ (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) ஒன்றரை என்றிருந்த காலத்தில் 3,600 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடி வீட்டுக்கு மண்ணில் 800 சதுர அடி பங்கு வரும். 2019 விதிகளில் எஃப்எஸ்ஐ இரண்டானதும் அது 600 ஆகிவிட்டது. உயரமான அடுக்குமாடிகளுக்கு 3.25 என்றால் அதே வீட்டுக்குச் சுமார் 369. விளம்பரத்தில் மூன்றுமே ‘1,200 சதுர அடி, டூ பெட்ரூம்’தான். நாளைக்குக் கட்டடம் ஆயுசு முடிந்து இடித்துக் கட்டும்போது, இந்த எண்தான் பேசும். 2022ல் இயற்றி 2024ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று வேறு ஆகிவிட்டதால், அந்த நாள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு என்று ஒத்திப்போடவும் முடியாது. இத்தனையும் பேசுகிற அந்த 1,200 சதுர அடியே முழுசாகக் கைக்கு வராது. லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கு அது. அதில் முப்பது சதவீதம் போய்விட்டால் உள்ளே கால் வைத்து நடக்க 840. ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவை வரையறுத்துத்தான் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும். கார் நிறுத்த தனியாக ஐந்து லட்சம் என்றால், திறந்த வெளியும், தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளமும் எல்லார்க்கும் பொதுவானவை, தனியே விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொன்னதையும் சற்று மென்மையான குரலில் நினைவுபடுத்தலாம்.

தண்ணீருக்கு வருவோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். ஒரு நகரத்துக்கே ரயிலில் தண்ணீர் வந்த ஊரில், வீடு வாங்குகிறவர் கேட்கும் கேள்வி, ‘ஸ்விம்மிங் பூல் இருக்கா?’ தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ‘24 அவர்ஸ் வாட்டர்’ என்பார்கள். லாரியும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற வாகனம்தான். மே மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு, அந்தக் கட்டடத்தின் வாசலில் போய் நின்றால் போதும். லாரி பின்பக்கமாக வந்து, பீப் பீப் என்று கத்தி, பச்சைக் குழாயைச் சம்ப்புக்குள் விட்டு, டிரைவர் வாட்ச்மேனிடம் நோட்டில் கையெழுத்து வாங்குகிறாரா என்று பார்க்கலாம். அந்த நோட்டு எந்த லீகல் ஒப்பீனியனையும்விடத் துல்லியமான ஆவணம். உள்ளே போனால் ஷவரை நிமிர்ந்து பாருங்கள். ஓட்டைகளில் பாதி வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தால் போர் தண்ணீரின் லட்சணம் தெரிந்துவிடும். குழாயடியில் வெள்ளை உப்புத் தடம், பக்கெட்டின் உள்விளிம்பில் மஞ்சள் வளையம், கெய்சரை மாற்றி எத்தனை நாளாயிற்று என்ற விசாரணை: இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. போன தண்ணீர் எங்கே போகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத பகுதிகளில் காலையில் ஒரு லாரி கொண்டுவந்து கொடுக்கும், மாலையில் வேறொரு லாரி எடுத்துப் போகும். இரண்டுக்கும் வாடகை நீங்கள்.

தண்ணீர் இல்லாதது ஒரு கோளாறென்றால், தண்ணீர் தானாக வீட்டுக்குள் வருவது மறு கோளாறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் படகுகள் ஓடியது எல்லாரும் டிவியில் பார்த்ததுதான். இது புதுப் பழக்கமும் அல்ல. பகட்டான தியாகராய நகரே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து உருவானது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின்மேல். ஏரியை நாம் மறந்தாலும் மழை மறப்பதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் பிடித்த இடம் என்று உலகமே ஒத்துக்கொண்ட பூமிக்குப் பக்கத்தில் ஸ்டில்ட் இல்லாத தரைத்தள வீட்டை வாங்குகிறவர், தாம் எந்த இனம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது. ‘இங்கே ஒரு சொட்டு நிற்காது சார்’ என்று சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். மீட்டர் பெட்டியைப் பாருங்கள். ஆள் எட்டாத உயரத்துக்கு அது புதிதாக ஏறியிருந்தால், ஜெனரேட்டருக்கு நெஞ்சளவு மேடை கட்டியிருந்தால், காம்பவுண்டுச் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால், கட்டடமே வாக்குமூலம் கொடுத்துவிட்டது. கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் ஒருகாலத்தில் என்ன வகையாக இருந்தது என்று பார்த்தால் சாட்சியும் கிடைத்துவிடும்.

இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் வாடகை வீடுதான் என்பார்கள். குற்றம் இல்லாத ஃபிளாட் தேடச் சொல்லவில்லை. அப்படி ஒன்று சென்னையில் இருந்தால் அதை விற்க மாட்டார்கள். தெரிந்த குற்றத்துக்கு விலை பேசலாம், தெரியாத குற்றத்துக்கு விலை கொடுக்கத்தான் முடியும். மாதம் ஆறு லாரி என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்தச் செலவை இருபது வருடத்துக்குப் பெருக்கி, விலையில் குறைக்கச் சொல்லலாம். ‘அதுக்குள்ள ரேட் ஏறிடும், நாளைக்கு இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க’ என்பது அடுத்த மிரட்டல். அந்த இன்னொரு பார்ட்டி ஒரு சிரஞ்சீவி. எல்லா ஃபிளாட்டுக்கும் நாளைக்குத்தான் வருவார், கையில் எப்போதும் அட்வான்ஸ் இருக்கும், என்றைக்கும் வீடு வாங்கியதில்லை. இரண்டு வாரம் விசாரித்ததற்காக ஏறிவிடும் விலை, இருபது வருடத் தவணையில் வரும் வட்டிக்கு முன்னால் எம்மாத்திரம்? கடைசி ஆட்சேபம்தான் நம்மவர்களை உண்மையில் கட்டிப்போடுவது: ‘பில்டர் நம்ம சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர், துருவித் துருவிக் கேட்டா நல்லாவா இருக்கும்?’ சித்தப்பாவுக்கு அவரைத் தெரியும், அவருக்கு சித்தப்பாவைத் தெரியும். அவர்களுக்குள் ஒரு குறையும் வரப்போவதில்லை. தவணை சித்தப்பா கணக்கிலிருந்து போகாதவரை, கூச்சத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போவதே மரியாதை.

யாரைக் கேட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். அசோசியேஷன் செயலாளரைக் கேட்காதீர்கள். அவரும் அங்கே ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர்; தண்ணி லாரியைப் பற்றி வெளியே சொன்னால் ‘ரேட் அடிபடும்’ என்று பொதுக்குழுவில் தீர்மானமே போட்டிருப்பார்கள். அவரிடம் கணக்குப் புத்தகத்தையும் லிஃப்ட் பராமரிப்பு ரசீதையும் காட்டச் சொல்லலாம், அபிப்பிராயம் கேட்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர் நிஜம் சொல்வார். மூட்டைப்பூச்சியிலிருந்து மூன்றாவது மாடிச் சண்டை வரை மறைக்க அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனால் நீங்கள் வாங்கப் பார்க்கும் வீட்டிலேயே குடியிருப்பவரைக் கேட்டுவிடாதீர்கள். விற்றுவிட்டால் அவர் சாமானைக் கட்ட வேண்டும். அதனால் அந்த வீட்டில் தண்ணீர் வராது, காற்று வராது, வெயில் மட்டும் வரும், ராத்திரியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவரைப் பிடியுங்கள். சனிக்கிழமை மாலையில் போனால் காபியும் கொடுப்பார். அந்தக் காபியில் உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.